பழைய கூண்டு

மண்டி மொஹல்லா, மைசூரு
9 ஆகஸ்ட் 2024

மகேஸ்வரிக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் உன் வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டு கத்துகிறார். கடிதத்தைப் பிடுங்கிக் கத்தினால் கொள்ளேகாலிலிருந்து இங்கே கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

உன் மகன் தீபக் நேற்று எங்கள் சிகிச்சை மையத்துக்கு இந்த வாரத்து மாத்திரைகளை வாங்க வந்தான். தை மாதத்துக்குள் மாத்திரையை நிறுத்திவிட முடியுமா என்று டாக்டர் சொர்ணலதாவிடம் கேட்டிருக்கிறான். தையில் என்ன விசேஷம் என்று அவர் விசாரிக்க, "கல்யாணமுங்க, பொண்ணு நஞ்சன்கூடு" என்றிருக்கிறான். அந்த அம்மாள் மதியம் என்னிடம் வந்து, "என்ன சார், தாய்மாமா நீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். எனக்கே சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

கல்யாணம் உங்கள் விஷயம். மாத்திரை என் விஷயம். அதை நிறுத்தாதே.

ஏன் என்று எழுதுகிறேன். கொள்ளேகால் பேருந்து நிலையத்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, இந்த மாத்திரை அந்தத் துண்டு. மூளையில் ஹெராயின் வந்து உட்காரும் இடத்தில் இது விழுந்து கிடக்கும். ஹெராயின் போல ஆளைத் தூக்கிக்கொண்டு போகாது. ஆனால் வேறு எதையும் உட்கார விடாது. துண்டு கிடக்கும் வரை அவன் வேலைக்குப் போவான், தூங்குவான், உன்னிடம் உண்மை பேசுவான்.

என் இருபது வருஷம் எலிகளோடு போயிற்று. உன் கிரகப்பிரவேசத்தில் உன் வீட்டுக்காரர், மாப்பிள்ளை சந்துரு, பந்தியில் நின்றுகொண்டு, "எலி டாக்டர் வந்துட்டாருங்க, அரிசி மூட்டையப் பத்திரமா வையுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான். அந்த எலிகள் என்ன செய்தன என்று உங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு கூண்டில் விசையை அழுத்தினால் ஹெராயின் வரும். எலி அழுத்தப் பழகிவிடும். பிறகு அதை வேறு கூண்டுக்கு மாற்றினோம். அங்கே அழுத்தினால் ஒன்றும் வராது. கொஞ்ச நாளில் விசையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பார்க்கிறவர்கள் குணமாகிவிட்டது என்பார்கள். அதே எலியைப் பழைய கூண்டில் விட்டோம். அதே தரை, அதே வாடை. நேராக விசைக்கு ஓடிற்று. மருந்தே வைக்கவில்லை, மகேஸ்வரி. அழுத்திக்கொண்டே இருந்தது. மறந்ததாக நாம் நினைத்ததை அந்த இடம் வைத்திருந்தது.

இந்த ஆராய்ச்சி வெளியானபோது என் பெயர் கடைசியில் இருந்தது, எலிக்குத் தீனி வைத்தவனுக்கும் பின்னால். அதை விடு.

மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் நேராக என்னிடம் வந்து பேசட்டும்.

சென்னிமலை


கொள்ளேகால்
18 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானே படித்தேன். இவர் படிக்கவில்லை. படித்திருந்தால் பதில் வேறு மாதிரி வந்திருக்கும்.

பெண் பார்த்ததைச் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னால் என்ன செய்வீர்கள் என்று தெரியும். பெண்ணைப் பற்றிக் கேட்க மாட்டீர்கள். மூளை, பஸ், துண்டு என்று ஆரம்பித்துவிடுவீர்கள். பெண் பெயர் வைஷாலி. நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நல்ல குடும்பம். அவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

எலி எங்கே ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகன் எங்கே இருந்தான் என்று நான் எழுதுகிறேன். பி.எஸ்ஸி. படிக்கிறேன் என்று உங்கள் வீட்டில்தான் இருந்தான். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்துதான் தின்றான். ஹெராயின் எடுத்தவனுக்குக் கண்மணி கடுகாகச் சுருங்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் நீங்கள். எதிரில் இருந்த கண்ணைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தீர்கள், அன்றைய பேப்பரைப் பார்த்தீர்கள். தீபாவளிக்கு இங்கே வந்தவனைப் பார்த்து, "ஏன் கண்ணு இப்பிடி எளைச்சுப் போயிட்டே" என்று கேட்டது நான். எட்டாவதோடு நின்றவள்.

இன்னொன்று. மாத்திரை போதை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் முதல் மாதம் எதிரே உட்கார வைத்து, கரைகிற வரை வாயைத் திறந்து காட்டச் சொன்னது எதற்கு? தலைவலி மாத்திரைக்கு யாராவது காவல் இருப்பார்களா? பூட்டி வைத்து எண்ணிக் கொடுக்கிற சாமானை என் மருமகள் என்னவென்று நினைப்பாள்?

அப்பா குடியை எப்படி விட்டார் என்று நினைவு இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஹனூரில் குலதெய்வத்துக்குப் பூசை வைத்துக் கயிறு கட்டினார். சாகிற வரை தொடவில்லை. தீபக்குக்கும் கட்டப் போகிறோம். கட்டிய கையால் போதையைத் தொடக் கூடாது. எந்தப் போதையையும்.

மகேஸ்வரி


மண்டி மொஹல்லா, மைசூரு
2 செப்டம்பர் 2024

மகேஸ்வரிக்கு,

கண்ணைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ இதை முதல் தடவையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்கிறாய். அவனை என் வீட்டில் கொண்டுவந்து விட்டது யார்? ஹாஸ்டல் செலவு தண்டம் என்று சொன்னது யார்? "மச்சான் தனிக்கட்டைதானுங்களே, தொணைக்கு இருக்கட்டும்" என்று மாப்பிள்ளை சொன்னபோது தலையை ஆட்டியது நீ. எனக்குத் துணை வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவைப் பற்றி. குடிப்பழக்கத்திலும் இதிலும் பாதி வம்சத்தில் வருகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அப்பாவிடமிருந்து உனக்கும் எனக்கும் வந்து, உன்னிடமிருந்து அவனுக்குப் போயிருக்கிறது. மீதிப் பாதி சேர்க்கை, இடம், வீட்டில் தினம் கேட்கிற வசவு. வீட்டுக்கு வெளியே ஆறுதல் தேடும் பிள்ளை எப்படி உண்டாகிறான் என்று மாப்பிள்ளையைக் கேள். பெல்ட் எங்கே தொங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்பா கயிறு கட்டிக் குடியை விட்டது உண்மை. ஆனால் சாராயம் வேறு, இது வேறு. நாள்பட விட்டிருக்கும் உடம்பு பழைய அளவைத் தாங்காது. உடம்பு மறந்துவிடும், ஆள் மறக்க மாட்டான். பழைய அளவையே எடுப்பான். மூச்சு நின்றுவிடும். சிகிச்சையில் இருக்கிறவர்களைவிட, சிகிச்சையை விட்டு வெளியே போனவர்கள்தான் அதிகம் சாகிறார்கள், அதுவும் விட்ட முதல் சில வாரங்களில். இதை நான் சொல்லவில்லை, பல தேசத்துக் கணக்கு சொல்கிறது. கயிறு அறுந்தால் குடிகாரனுக்கு மானம் போகும். இவனுக்கு மூச்சுப் போகும்.

காவல் எதற்கு என்று கேட்டாய். வெளியே விற்றுவிடக் கூடாது, பொடித்து ஊசியில் ஏற்றக் கூடாது என்பதற்கு. நல்ல கேள்விதான். அதை டாக்டரிடம் கேட்டிருக்கலாம். என்னைக் குத்துவதற்கு எடுத்து வைத்திருந்தாய்.

மாத்திரையை நிறுத்திக் கயிறு கட்டினால், கல்யாணத்தில் தாய்மாமன் பட்டம் கட்ட நான் வர மாட்டேன். மேடையில் அவன் நெற்றி வெறுமையாக இருக்கட்டும். நஞ்சன்கூட்டுக்காரர்கள், "மாப்பிள்ளைக்கு மாமன் இல்லீங்களா" என்று கேட்கட்டும். பதிலை நீ தயார் செய்து வை.

சென்னிமலை


கொள்ளேகால்
21 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

கயிறு கட்டியாயிற்று. மாத்திரையை நிறுத்தியாயிற்று. டாக்டர் அம்மா படிப்படியாகக் குறைக்கலாம், அவசரப்பட வேண்டாம் என்று தீபக்கிடம் சொன்னாராம். கயிறு கட்டிய பிறகு குறைப்பது என்ன, கூட்டுவது என்ன. முதல் வாரம் படுத்தே கிடந்தான். மூக்கு ஒழுகியது, கால் வலி என்று சுவரை உதைத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். இவரும் இருந்தார், பெல்ட் இல்லாமல். இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறான். பட்டுக் கடைக்கு இவரோடு போகிறான். வாரம் ஒருமுறை வைஷாலியோடு போனில் பேசுகிறான், சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

உங்கள் கணக்கில் இவனைச் சேர்க்க வேண்டாம்.

பட்டம் கட்ட வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வராவிட்டால் மாமன் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மகேஸ்வரி


மண்டி மொஹல்லா, மைசூரு
11 நவம்பர் 2024

மகேஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருக்கும். அதில் நலாக்சோன் என்கிற மருந்து இரண்டு குப்பிகளும் ஊசிகளும் இருக்கின்றன. இது போதை இல்லை. போதைக்கு எதிரி. அவன் கூப்பிட்டும் எழாமல், மூச்சு இழுத்து இழுத்து வந்து, உதடு நீலமாகிக் கிடந்தால், ஒரு குப்பியைத் தொடையில் போடு. துணிக்கு மேலேயே போடலாம். மாட்டுக்கு ஊசி போட்டவள் நீ, இது அதைவிடச் சுலபம். ஒருக்களித்துப் படுக்க வை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எழுந்து உட்கார்ந்தாலும் தனியே விடாதே. இந்த மருந்தின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், ஹெராயின் மிச்சம் இருந்தால் மறுபடி அமுக்கும்.

அவன் வைத்திருக்க வேண்டாம். நீ வைத்துக்கொள்.

பட்டம் விஷயம். நான் வராவிட்டால் ஊர் உன்னைக் கேட்காது, என்னைத்தான் பேசும் என்று எனக்கும் தெரியும். சரி, வருகிறேன். ஆனால் முறைப்படி அழைக்க வேண்டும். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீட்டு வாசலில் வந்து அழைக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது, தபால்தலைகூடச் சரியாக ஒட்டவில்லை. அப்படி வந்தால் கிழித்துப் போடுவேன். என் வாசலுக்கு வந்து அழை.

சென்னிமலை


கொள்ளேகால்
5 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது தீபக். தட்டோடு வருகிறான். அம்மாவின் பித்தளைத் தட்டு. அது யாருக்கு என்று நாம் போட்ட சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவி முதலில் உங்களுக்குத்தான் எடுத்து வைத்தேன். நீங்கள் கேட்ட முறை இதுதான்.

நான் வரவில்லை. மண்டி மொஹல்லாவில் அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று அவனை அங்கிருந்து கூட்டிவந்த அன்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். மாப்பிள்ளையே வந்து மாமனை அழைத்தால் அதைவிட மரியாதை இல்லை.

உங்கள் அட்டைப்பெட்டியையும் அவன் பையில் வைத்திருக்கிறேன். பெற்றுக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்குச் சாவு மருந்தை முன்கூட்டியே அனுப்புகிற தாய்மாமனை நான் கேள்விப்பட்டதில்லை. பூசை அறையில் வைக்கவா, முகூர்த்தப் புடவையோடு வைக்கவா?

மகேஸ்வரி


கொள்ளேகால்
22 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியில் தீபக் கிடந்த கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். பேசவில்லை. பேசியிருந்தால் நர்ஸ் இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பாள். இப்போது எழுதுகிறேன்.

அவன் வீடு வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. நேற்றுத்தான் கேட்டேன், "மாமா தட்டை வாங்கலையா?" என்று.

"வாங்கலைம்மா. பொட்டிய மட்டும் வாங்கிக்கிட்டாரு. 'உங்கம்மா வரலையா? அவளை வரச் சொல்லு, அப்பறம் தட்டை வாங்கிக்கறேன்'னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாரு."

"அப்பறம் ஏன் கண்ணு ஊருக்கு வரல?"

"வரலாம்னுதான் இருந்தேன். கையில தட்டு. வெத்தலை வேற வாடுது. சந்து முனைக்கு வந்தேன். டயர் வாடை வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். டயர் வாடை. நான் போய்ப் பார்த்ததில்லை. உங்கள் தெருக்கோடியில் மல்லப்பன் என்பவருடைய டயர் கிடங்கு இருக்கிறதாம், காலேஜ் படிக்கும்போது அதன் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்களாம். அந்த வாடை வந்ததும் வாயில் எச்சில் ஊறிற்று, கால் தானாகத் திரும்பிற்று என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பாவிடம், அண்ணா. பெல்ட்டுக்காரர் என்று எழுதினீர்களே, அவரிடம். அவர் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

எலியைப் பழைய கூண்டில் விட்டால் நேரே விசைக்கு ஓடும் என்று ஆகஸ்டில் எழுதியவர் நீங்கள். என் வாசலுக்கு வந்து அழை என்று நவம்பரில் எழுதியவரும் நீங்கள்தான். இரண்டும் ஒரே கையெழுத்து. எனக்குத் தெரியாது. எனக்கு அது எலிக் கதை. உங்களுக்கு அது இருபது வருஷம். அவன் எந்தத் தெரு வழியாக உங்கள் வாசலுக்கு வர வேண்டும் என்று நீங்கள் ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. தபாலில் வந்தால் கிழிப்பேன் என்று நினைத்தீர்கள்.

வந்தவனையும் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினீர்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தால், பஸ் வரை கூட நடந்திருந்தால், அவன் நேராக வீட்டுக்கு வந்திருப்பான்.

மகேஸ்வரி


மண்டி மொஹல்லா, மைசூரு
3 ஜனவரி 2025

மகேஸ்வரிக்கு,

ஆம், தட்டை வாங்கவில்லை. நீ வந்திருக்க வேண்டும். கொள்ளேகாலிலிருந்து இங்கே வர பஸ் இருக்கிறது. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவனை அனுப்பினாய். தனியாக. மாத்திரை இல்லாமல்.

நீ மறந்த ஒன்றை எழுதுகிறேன். மாத்திரை எடுத்த காலத்தில் வாரா வாரம் இதே மைசூருக்கு வந்தான். எங்கள் மையம் ரிங் ரோட்டில் இருந்தாலும், சில வாரம் என்னைப் பார்க்க இந்தத் தெருவுக்கும் வந்தான். டயர் கிடங்கைத் தாண்டித்தான் வந்தான். ஒன்றும் ஆகவில்லை. துண்டு கிடந்தது. அதை எடுத்தது யார்? பழைய கூண்டு என் தெருவில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதன் கதவைத் திறந்து வைத்தது உன் கயிறு.

அன்று நடந்ததையும் தெரிந்துகொள். மல்லப்பன் ஓடிவந்து கதவைத் தட்டினார். "சார், நிம்ம ஹுடுகா அல்லி பித்தித்தானே" என்றார். என் பையனாம். என் பையன் அங்கே விழுந்து கிடக்கிறானாம். பெட்டி மேசை மேல் இருந்தது, பிரிக்கக்கூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். உதடு நீலம். தட்டை ஓரமாக, மண் படாமல் ஒரு டயரின் மேல் வைத்திருந்தான். பழம் அப்படியே இருந்தது. முதல் குப்பிக்கு மூச்சு வரவில்லை. இரண்டாவதற்கு இருமினான். கண்ணைத் திறந்து, "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

கயிற்றை நான்தான் அறுத்தேன். டிரிப் ஏற்ற நர்ஸுக்கு மணிக்கட்டு வேண்டியிருந்தது. தெய்வக் குற்றம் என்றால் என் பேரில் எழுதிக்கொள்.

நீ பெட்டியைத் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் அது கொள்ளேகாலில் உன் அலமாரியில் இருந்திருக்கும். அவன் இங்கே செத்திருப்பான். இதை யோசித்துப் பார்த்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அதனால் இன்னும் கோபமாக இருக்கிறது.

தட்டு என்னிடம் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன். திருப்பித் தர மாட்டேன்.

சென்னிமலை


கொள்ளேகால்
14 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து எழுதவில்லை. நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

தை முகூர்த்தம் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். தீபக்கே நஞ்சன்கூட்டுக்குப் போய் வைஷாலியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எங்களைக் கேட்கவில்லை. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பெண் அவள் அப்பாவோடு இங்கே வந்தாள். முறித்துக்கொள்ளத்தான் வருகிறார்கள் என்று நினைத்து டீ மட்டும் போட்டேன், பலகாரம் செய்யவில்லை. அவள் என்னைப் பார்த்து, "அந்த மாத்திரை எங்க கம்பெனியில பண்றதில்ல அத்தை, ஆனா என்னன்னு எனக்குத் தெரியும். ஏன் நிறுத்தினீங்க?" என்றாள். உங்களைப் போலவே கேட்டாள். ஆனால் அத்தை என்று கூப்பிட்டுக் கேட்டாள். அவள் அப்பாவுக்கு இன்னும் முகம் சரியில்லை. பெண் சொல்லைத் தட்ட மாட்டார் போலிருக்கிறது. வைகாசியில் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

அறுந்த கயிற்றுக்கு என்ன செய்வது என்று ஹனூருக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் சொன்னேன். அவர், "அறுந்ததை அவன் மறுக்காக் கட்ட வேண்டாம் அம்மிணி. பெத்தவ கட்டிக்கலாம். கட்டுனா எதையாச்சும் உடோணும்" என்றார். கட்டிக்கொண்டேன். காப்பியை விட்டேன்.

சிரிக்காதீர்கள். காலை, மதியம், சாயங்காலம் என்று சின்ன வயதிலிருந்து குடித்தவள். மறுநாள் தலை பிளந்தது. அடுப்படியில் நின்று இவரைக் காரணமில்லாமல் திட்டினேன். டிகாக்‌ஷன் வாடை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் நிற்கிற இடத்தில் கால் நிற்கவில்லை. தீபக் பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மா, ரெண்டு வாய் குடிச்சுக்கோயேன், பூசாரிக்குத் தெரியவா போகுது" என்றான். அவனை ஒரு அறை விடலாம் போல இருந்தது. பிறகு அவன் கிடந்த அந்த முதல் வாரம் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரை மறுபடி எடுக்கிறான். கயிறு என் கையில் இருக்கிறது, அவன் கையில் இல்லை, அதனால் தோஷமில்லை. நீங்கள் சொன்னதற்காக இல்லை. இதை உங்களுக்கு வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இவர் கூடவே மையத்துக்கு வருகிறார். ரிங் ரோட்டிலேயே இறங்கி, அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள்.

அந்த மருந்துப் பெட்டி இன்னொன்று வேண்டும். டாக்டர் அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். பூசை அறையில்தான் வைப்பேன். அங்கேதான் எனக்குக் கை உடனே போகும்.

பத்திரிகையை இதனுடன் தபாலில் வைத்திருக்கிறேன். நேரில் வர மாட்டேன். தீபக்கை உங்கள் வாசலுக்கு இனி ஒருபோதும் அனுப்ப மாட்டேன். கிழித்தால் கிழியுங்கள். ஆனால் மேடையில் தாய்மாமன் வேண்டும். வாருங்கள், பட்டம் கட்டுங்கள், போங்கள். பந்தியில் உட்காராவிட்டால் நான் வருத்தப்பட மாட்டேன்.

மகேஸ்வரி


மண்டி மொஹல்லா, மைசூரு
26 ஏப்ரல் 2025

மகேஸ்வரிக்கு,

பத்திரிகை வந்தது. தபால்தலை இந்தத் தடவை ஒழுங்காக ஒட்டியிருந்தது. நேரில் அழைக்காத கல்யாணத்துக்கு நான் போனதில்லை. அது உனக்கும் தெரியும்.

மருந்துப் பெட்டி இந்த வாரம் மையத்துக்கு வரும் மாப்பிள்ளை சந்துருவின் கையில் வரும். மாத்திரை நாக்கின் அடியில் முழுதாகக் கரையும் வரை அவனைப் பேச விடாதே. விழுங்கினால் வீண். கல்யாணத்தன்று காலையில் நிச்சயம் மறப்பீர்கள். மேளக்காரனைத் தேடுவீர்கள், பூ வரவில்லை என்று கத்துவீர்கள், இதை மறப்பீர்கள். அதனால் முகூர்த்தத்துக்கு முன்பே வந்து அவன் அறையில் உட்கார்ந்துகொள்வேன். கரைகிற வரை எதிரில் இருப்பேன். இந்தத் தடவை கண்ணைப் பார்ப்பேன். பிறகு மேடைக்குப் போகலாம்.

பந்தியில் உட்கார மாட்டேன். மாப்பிள்ளை அரிசி மூட்டையைப் பற்றி ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

பட்டத்தை அம்மாவின் தட்டில் வைத்துத்தான் கொண்டுவருவேன். அதன் பிறகும் தட்டு என்னுடையதுதான்.

பட்டம் செய்கிறவர் அளவு கேட்கிறார். அவன் நெற்றியை ஒரு நூலில் அளந்து அனுப்பு.

சென்னிமலை